காப்புறுதித் தரப்பு தரும் தொகையை வாங்குவதா, வழக்காடுவதா? திருகோணமலையில் போட்டுப் பார்க்கும் கணக்கு

விபத்தில் காலோ கையோ முறிந்தவருக்குக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து ஒரு தொகை சொல்லி அழைப்பு வந்த அன்றே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "வாறதை வாங்கிப்போட்டு வேலையைப் பார்" என்பது ஒன்று. "வழக்குப் போட்டால் மூன்று மடங்கு வரும்" என்பது மற்றது. இரண்டாவது கட்சிக்கு அநேகமாக டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் ஒரு மச்சான் வட்ஸ்அப்பில் தலைமை தாங்குவார். இரண்டு கட்சியும் பேசுவது தொகையைப் பற்றித்தான். அந்தத் தொகையை எடுக்கக் கையிலிருந்து எவ்வளவு போகும், போனதில் எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்பவர் குறைவு. என் அபிப்பிராயத்தில் முடிவு தங்கியிருப்பது அதில்தான். லண்டனில் அதற்குக் கிடைக்கும் விடை திருகோணமலைக்குச் சரிவராது.

பேச ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். உப்புவெளியில் இருக்கும் மேசன், வயது முப்பத்தெட்டு. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது அனுராதபுரச் சந்தியில் சட்டென்று திரும்பிய வான் அவரை அடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. பொது வைத்தியசாலையில் தகடு வைத்து அனுப்பினார்கள். அரச வைத்தியசாலை என்பதால் சிகிச்சைக்கென்று பெரிய பில் இல்லை. நட்டமெல்லாம் உழைப்பில்தான்: எட்டு மாதமாக ஏணி ஏற முடியவில்லை, இனி முன்போல ஏறுவாரா என்று வைத்தியரும் உறுதி சொல்லவில்லை. காப்புறுதித் தரப்பு 6 இலட்சம் தருகிறது. சட்டத்தரணி 20 இலட்சம் கேட்டு வழக்குப் போடலாம் என்கிறார்.

முதலில் ஒரு விஷயம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாந் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனம் வீதியில் ஓடக்கூடாது. ஆனாலும் மாவட்ட நீதிமன்றத்தில் எதிராளிகளாக நிற்பவர்கள் சாரதியும் உரிமையாளரும்தான். தீர்ப்பு வந்தால் அதைச் செலுத்தும் கடமை காப்புறுதி நிறுவனத்துக்கு. அந்தக் கடமை அவர்கள்மேல் ஏறவேண்டுமென்றால் வழக்குப் போடும் முன்போ, போட்ட கையோடோ நிறுவனத்துக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். அது தவறினால் தீர்ப்புக் கையில் இருந்தும், பணத்தை வான்காரரின் வீட்டு முற்றத்தில்தான் தேட வேண்டிவரும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் கட்டுவதும் அநேகமாக நிறுவனம்தான். அவர்களுக்கு இது பல கோப்புகளில் ஒன்று, மேசனுக்கு இருப்பது இந்த ஒன்றுதான். யாருக்கு அவசரம் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

மச்சான் சொல்வது எங்கே சரி

லண்டன் மச்சான் சும்மா சொல்லவில்லை. அங்கே 1999 முதல் நடைமுறையில் இருக்கும் சிவில் விதிகளின் 36ஆம் பகுதி, சமரச யோசனைக்கு ஒரு பல்லை வைத்துக் கொடுத்திருக்கிறது. பிரதிவாதி முறைப்படி ஒரு தொகையை எழுதிக் கொடுத்து, வாதி அதை 21 நாளுக்குள் ஏற்கவில்லை, கடைசியில் நீதிமன்றம் தந்ததும் அந்தத் தொகையை மிஞ்சவில்லை என்றால், அந்தக் காலக்கெடு முடிந்த நாளிலிருந்து எதிர்த்தரப்பின் செலவும் வாதியின் தலையில் வரும். வாதிக்கும் இதே ஆயுதம் உண்டு. அவர் "இவ்வளவு தந்தால் விடுகிறேன்" என்று எழுதிக் கொடுத்த தொகையளவாவது தீர்ப்பில் வந்தால், கூடிய அளவில் செலவு, கூடிய வட்டி, அதற்கு மேலே ஒரு தொகை என்று எதிர்த்தரப்பு அழ வேண்டும். காயப்பட்டவர்கள் செலவுக்குப் பயந்தே வழக்கை விட்டுவிடக்கூடாது என்று 2013இல் இன்னொரு பாதுகாப்பும் வந்தது: அநேகமான காய வழக்குகளில் வாதியிடமிருந்து எதிர்த்தரப்பு செலவாக வசூலிக்கக்கூடியது, அவருக்குக் கிடைத்த நட்டஈட்டு எல்லைக்குள் அடங்கும்.

டொரொன்டோ மச்சானின் ஊரில் இந்த வேலையைச் செய்வது அங்குள்ள சிவில் விதிகளின் 49ஆம் விதி. வாதி எழுதிக் கொடுத்த தொகையளவோ அதைவிட நல்லதாகவோ தீர்ப்பு வந்தால், யோசனை கொடுத்த நாளுக்குப் பிறகான செலவு உயர்ந்த விகிதத்தில் கிடைக்கும். பிரதிவாதியின் தொகையைத் தீர்ப்புத் தாண்டாவிட்டால், அந்த நாளுக்குப் பிறகான செலவை வாதி கட்ட வேண்டும். விசாரணை தொடங்க ஏழு நாளாவது இருக்கும்போது கொடுத்த யோசனையாக அது இருக்கவேண்டும். கனடா முழுக்க ஒரே மாதிரி என்றும் நினைக்க வேண்டாம். வன்கூவர் பக்கத்தில் 2021 மே மாதம் முதல் நடந்த விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு வழக்கே கிடையாது. குற்றம் யாருடையது என்று பார்க்காமல் அரச காப்புறுதி சலுகைகள் தருகிறது.

ஆக, அங்கே ஒரு யோசனையை மறுப்பதும் ஏற்பதும் செலவைத் தூக்கி ஒருவரிடமிருந்து மற்றவரிடம் போடும் செயல். வென்றவர் தன் சட்டத்தரணிக்குக் கொடுத்ததில் ஒரு கணிசமான பங்கைத் திரும்பப் பெறுவார் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. எங்களிடம் அந்த அடிப்படையே இல்லை.

இங்கே செலவு எப்படி ஓடுகிறது

சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 1889இல் வந்தது. அதன்படியும் தோற்றவர் வென்றவருக்குச் செலவு கொடுக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம், வழமையாக இடுவதும் உண்டு. ஆனால் அந்தச் செலவு, வழக்கின் பெறுமதியைப் பார்த்து அட்டவணையில் போட்டிருக்கும் வீதப்படி கணக்கிடப்படுவது. நீங்கள் தவணைக்குத் தவணை, அதாவது வழக்குக் கூப்பிடும் ஒவ்வொரு நாளும், சட்டத்தரணிக்குக் கொடுத்ததற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். "செலவுடன் தீர்ப்பு" என்று கேட்டு மகிழ்ந்து வந்தவர்கள், பிறகு அந்தத் தொகையைப் பார்த்து இதுதானா என்று கேட்பதுண்டு. தோற்றால் எதிர்த்தரப்புக்குக் கட்ட வேண்டியதும் அதே அட்டவணைதான் என்பது இதன் நல்ல பக்கம். லண்டனில் தோற்றவர் பயப்படுவது எதிரியின் பில்லுக்கு, இங்கே பயப்பட வேண்டியது சொந்த பில்லுக்கு.

அப்படியென்றால் யோசனையை மறுத்தால் செலவில் ஒன்றும் ஆகாதா? கடிதத்தில் வந்த யோசனையைப் பொறுத்தவரை, லண்டனில் இருப்பதுபோல வகுத்து வைத்த விதி எதுவும் எங்களிடம் இல்லை. "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று தலைப்பிட்டு எழுதிய கடிதத்தைச் சாட்சியத்தில் காட்டவும் இயலாது, சாட்சியக் கட்டளைச் சட்டம் தடுக்கும். ஆனால் கோவைக்குள் ஒரு சின்னக் கத்தி இருக்கிறது. 409ஆம் பிரிவிலிருந்து தொடங்கும் அத்தியாயம்: கடன் அல்லது நட்டஈட்டு வழக்கில் பிரதிவாதி, முழுக் கோரிக்கைக்கும் இது போதும் என்று தான் நினைக்கும் தொகையை எந்தக் கட்டத்திலும் நீதிமன்றத்தில் வைப்பிலிடலாம்.

அப்படி வைத்த அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்து அந்தத் தொகைக்கு வட்டி இல்லை. வாதி அதைப் பகுதித் தொகையாக எடுத்துக்கொண்டு மிச்சத்துக்கு வழக்காடலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் கடைசியில் நீதிமன்றம் "வைத்ததே முழுக் கோரிக்கைக்கும் போதும்" என்று கண்டால், வைத்த நாளுக்குப் பிறகான செலவு வாதியுடையது. அதோடு விடாது. அதற்கு முந்திய செலவிலும், வாதி கூட்டிக் கேட்டதால் ஏற்பட்ட பங்கு அவரிடமே வரும். 8 இலட்சம் பெறுமதியான காயத்துக்கு 50 இலட்சம் எழுதிவைத்தால் எதிர்த்தரப்பு பயந்து இறங்கிவரும் என்று நம்புபவர்கள் இந்தக் கடைசி வரியை இரண்டு தரம் வாசிக்கலாம். குறைத்து எழுதினாலும் ஆபத்துத்தான். வழக்கில் கேட்டதற்கு மேல் நீதிமன்றம் தராது.

வைத்ததை வாதி முழுத் தொகையாக ஏற்றுக்கொண்டால் செலவு யாருக்கு? வழக்கு வருவதற்கு யார் கூடுதல் காரணம் என்று நீதிமன்றம் பார்க்கும். எனக்கு இந்த அத்தியாயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் சாதாரண ஆளுக்குக் கைகொடுக்கும் இடம் இது. முன்கூட்டியே கோரிக்கைக் கடிதம் அனுப்பி, அதில் நியாயமான தொகையையும் கணக்கையும் காட்டி, பதிவுத் தபால் துண்டையும் வைத்திருப்பவர் "நான் கேட்டேன், அவர்கள் அசையவில்லை" என்று சொல்லலாம். ஒன்றும் கேட்காமல் நேரே வழக்குப் போட்டவரால் அது முடியாது.

மேசனின் கணக்கு

சட்டத்தரணிக் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். கொழும்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டால் பயணமும் சேரும். கணக்குக்காகச் சுற்றெண் எடுப்போம். வழக்கு எழுத, முத்திரை, பிரதிகள் எல்லாமாக 75,000. ஒரு தவணைக்கு 10,000 வீதம், ஐந்து வருடத்தில் 25 தவணை, ஆக 2,50,000. சத்திரசிகிச்சை செய்த வைத்தியரைச் சாட்சிக்கு அழைப்பது, அறிக்கைகள், போக்குவரத்து என 75,000. மொத்தம் 4 இலட்சம். தவணைக்குப் போன அன்றெல்லாம் இழந்த நாட்கூலியை நான் சேர்க்கவில்லை.

நீதிமன்றம் நட்டத்தை 14 இலட்சம் என்று மதிப்பிடுகிறது என்று வைப்போம். பிழை முழுக்க வான் பக்கம் என்றால், 14இல் 4 போக 10. அட்டவணைச் செலவு கொஞ்சம் கூடச் சேரும். 6 இலட்சத்தை மறுத்தது வீண்போகவில்லை. ஆனால் மேசனும் வேகமாக வந்தார், அவர் பங்கு கால்வாசி என்று நீதிமன்றம் கண்டால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நட்டஈட்டில் அந்தப் பங்கு குறையும். 14 இலட்சம் 10.5 ஆகும். 4 போக 6.5. ஐந்து வருடம் கழித்து 6.5 இலட்சம், இன்றைக்கு 6 இலட்சம். இதில் வழக்காடிப் பெற்றது என்ன? பிழை பாதிக்குப் பாதி என்றால் 7இல் 4 போய், கையில் 3.

ஆகவே "20 இலட்சம் கேட்கலாமா" என்பதைவிட, பிழைப் பங்கு எவ்வளவு என்பதுதான் இந்தக் கணக்கை ஆட்டிப் படைப்பது. பொலிஸ் கீறிய வரைபடம், எந்த வாகனம் எங்கே நின்றது, சாட்சி யார், நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஏற்றாரா என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். எங்கள் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. நகரத்துக்குள் மான்கள் வீதியில் திரியும், நிலாவெளி வீதியில் மாடு படுத்திருக்கும். "மான் குறுக்கே வந்தது, வெட்டினேன்" என்று சாரதி சொல்வதற்கு இங்கே வாய்ப்பு அதிகம். பக்கத்துக் கடைக்காரரின் கமரா அதைப் பொய்யென்று காட்டலாம், ஆனால் பழைய பதிவு கமராவில் அதிக நாள் தங்காது. முதல் வாரத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது வைப்பைச் சேர்த்துப் பார்ப்போம். இரண்டாம் வருடத்தில் வான் தரப்பு 11 இலட்சத்தை நீதிமன்றத்தில் வைக்கிறது. மேசன், 14 வரும் என்ற நம்பிக்கையில் முழுத் தொகையாக ஏற்க மறுக்கிறார். கால்வாசிப் பிழை அவர்மேல் விழுந்து 10.5 என்று முடிகிறது. அதன் பிறகு மூன்று வருடம் ஓடிய தவணைகளின் செலவு முழுக்க அவருடையது, எதிர்த்தரப்பின் அட்டவணைச் செலவும் சேரும், வட்டியும் இல்லை. வைப்புச் செய்த அறிவித்தல் வந்த வாரத்தில் சட்டத்தரணியோடு உட்கார்ந்து, பிழைப் பங்கைக் கழித்து, இனி ஆகும் செலவையும் கழித்து ஒரு எண் எடுக்க வேண்டும். அந்த எண் வைப்பைவிடக் குறைவாக இருந்தால் எடுத்துக்கொண்டு வருவதுதான் புத்தி. "நாங்கள் ஏன் இறங்க வேண்டும்" என்ற ரோசத்துக்கு இதில் இடமில்லை.

எப்போது வாங்குவது

எட்டாவது மாதத்தில் 6 இலட்சத்தை வாங்க நான் சொல்லமாட்டேன். தொகை குறைவு என்பதல்ல காரணம், கால் இன்னும் முடிவு சொல்லவில்லை. தகடு எடுக்க வேண்டுமா, எலும்பு சரியாகப் பொருந்தியதா, நிரந்தர ஊனம் எத்தனை வீதம் என்று சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை வரும்வரை யாருக்கும் உண்மையான பெறுமதி தெரியாது. "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு" என்று எழுதிய தாளில் கையெழுத்து வைத்த பிறகு இரண்டாவது சத்திரசிகிச்சை வந்தால், அந்தச் செலவு மேசனுடையது. கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பெறுமதி இருக்கிறது. கிளினிக்குக்குப் போகாமல் விட்ட மாதங்களை எதிர்த்தரப்பு "சுகமாகிவிட்டார்" என்றே வாசிக்கும்.

இந்தப் பொறுமைக்கு ஒரு சுவர் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி காயத்துக்கான நட்டஈட்டு வழக்கை விபத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அது நிற்காது. "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், அடுத்த மாதம் பதில் வரும்" என்ற இனிமையான தொலைபேசிக் குரல் இருபத்துமூன்றாம் மாதம் வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம். இடித்தது படையினரின் லொறி என்றால் சட்டமா அதிபருக்கு வழக்குக்கு முன்பே ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும், அந்த மாதத்தையும் இதற்குள் கழித்து வையுங்கள். சிறிய தொகைக் கோரிக்கை மத்தியஸ்த சபைக்குப் போய் வரவேண்டியதாக இருக்கலாம். அது சட்டத்தரணி வாதாடும் இடமல்ல, அதனால் செலவு குறைவு. சின்னக் காயத்துக்கு நேரே அங்கே போவதே நல்லது என்பேன்.

வழக்குப் போட்ட பிறகும் சமரசத்துக்கு வாசல் திறந்தே இருக்கும். உண்மையில் அங்கேதான் நல்ல தொகை வருவதாக நான் கருதுகிறேன். விசாரணைக்குத் திகதி குறித்து, வைத்தியருக்கு அழைப்பாணை போனபின் எதிர்த்தரப்புக்கும் செலவு தெரியத் தொடங்கும். மேசன் பக்கத்திலும் பெரிய செலவுகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அரச வைத்தியர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள். தகடு வைத்தவர் இன்று காலியில் இருந்தால், அவரைத் திருகோணமலைக்கு ஒரு நாள் கொண்டுவருவதும், அன்றைக்குத் தவணை தள்ளிப்போவதும், மறுபடி கொண்டுவருவதும் சேர்ந்து ஒரு வருடத்தைத் தின்றுவிடும். இணங்குவதானால் இந்தக் கட்டத்துக்கு முன்பே இணங்கினால்தான் மிச்சம் கையில் நிற்கும்.

பணத்தின் பெறுமதி தனிக் கதை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். 2019இல் 15 இலட்சம் என்று எழுதிய வழக்குக்கு 2023இல் அதே 15 இலட்சம் கிடைத்தவர், காகிதத்தில் வென்று கடையில் தோற்றார். அப்படி ஒரு வருடம் திரும்பவும் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்து வருடத்துக்குப் பிந்திய ரூபாயை இன்றைய ரூபாயோடு சமமாக வைத்து ஒப்பிடுவது பிழையான கணக்கு. அதன் பிறகு சிவில் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் என்று ஒன்றும் இருக்கிறது.

என்னைக் கேட்டால் மேசனுக்குச் சொல்வது இது: 6 இலட்சத்துக்கு மறுப்பு, ஆனால் வெறும் மறுப்பு அல்ல. 12 இலட்சம் என்று பதில் யோசனை எழுதி, நாட்கூலிக் கணக்கு, டயக்னோசிஸ் அட்டை, தொழில் கொடுத்தவரின் கடிதம் ஆகியவற்றை இணைத்து அனுப்புவது. இருபதாம் மாதத்துக்குள் பதில் திருப்தியாக இல்லையென்றால் வழக்கு, கூடவே நிறுவனத்துக்கு அறிவித்தல். விசாரணைக்கு முன் 9 அல்லது 10 இலட்சத்துக்கு வந்தால் ஏற்பது. பிழைப் பங்கு சந்தேகமாக இருந்தால் 7.5க்கும் இறங்கலாம். பிழை பாதிக்குப் பாதி என்று வரைபடமே சொல்கிறதென்றால், வைத்திய அறிக்கை வந்ததும் அந்த 6ஐ வாங்கிக்கொண்டு கிளம்புவதே மேல்.

தாளில் என்ன எழுதுகிறார்கள்

வான் உரிமையாளர் பழங்களோடு வீட்டுக்கு வந்து, "பொலிஸ் வழக்கை முடிச்சுத் தாங்கோ அண்ணை, கைச்செலவுக்கு இதை வைச்சிருங்கோ" என்று ஒரு இலட்சம் நீட்டுவதும் ஒரு யோசனைதான். வாங்கலாம். ஆனால் பற்றுச்சீட்டில் "இடைக்கால உதவி, நட்டஈட்டுக் கோரிக்கை பாதிக்கப்படாது" என்று இருக்க வேண்டும். "எல்லாக் கோரிக்கைகளுக்கும்" என்ற சொற்களோடு அவர் கொண்டுவந்த தாளில் கையெழுத்து வைத்தால், 20 இலட்சத்துக் கதை அந்த ஒரு இலட்சத்தோடு முடியலாம்.

நிறுவனத்தின் தொகையிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது செலவையும் சேர்த்தா, செலவு தனியா? வழக்கு நடக்கும்போது இணங்குபவர்கள் அநேகமாக "அவரவர் செலவு அவரவருக்கு" என்று முடித்துக்கொள்கிறார்கள். 9 இலட்சம் என்று கேட்டு மகிழ்ந்தவர் அதுவரை கொடுத்த 2 இலட்சத்தைக் கழித்தால் 7தான். அந்த இரண்டையும் யோசனைக்குள்ளேயே கேட்டு வாங்குவதில் தவறில்லை. அட்டவணைச் செலவை நம்புவதைவிட இது நல்ல வழி, ஏனென்றால் இங்கே உண்மையில் கொடுத்ததையே கேட்கலாம். சட்டத்தரணியிடமும் முதல் நாளே, பாதியில் இணங்கினால் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். தவணைக்கு இவ்வளவு என்று பேசியவருக்கும் மொத்தமாகப் பேசியவருக்கும் சமரசம் ஒரே மாதிரி முடியாது.

இணக்கத்தைக் கோவையின் 408ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் பதிவுசெய்து அதன்படி கட்டளைத் தீர்ப்பாக்கிக்கொள்வதே பாதுகாப்பு. வெளியில் கைகுலுக்கிவிட்டு வழக்கை மீளப்பெற்றால், பணம் வராதபோது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குள் இரண்டு வருடம் தாண்டியிருக்கும். காயப்பட்டது பிள்ளையென்றால், வழக்கில் பெற்றோர் இணங்குவது மட்டும் போதாது, நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். பதிவில் எந்தத் திகதிக்குள் பணம், ஒரே தடவையிலா தவணையிலா, யாருடைய பெயருக்குக் காசோலை, தாமதித்தால் எத்தனை வீத வட்டி என்பவை இருக்க வேண்டும். தவணையில் என்றால், ஒன்று தவறினால் மிச்சம் முழுவதும் உடனே செலுத்த வேண்டும் என்ற வரியையும் நீதிபதி முன் வாசிக்கும்போதே போடச் சொல்லுங்கள்.